நூறு கிராம் மோகம்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் மிதிப்பவர், நல்ல அலுமினிய ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, 100 கிராம் குறைவு என்பதற்காகப் பல ஆயிரம் ரூபாய்க்குக் கார்பனில் ஒன்று வாங்கி மாட்டுகிறார். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால் மிச்சம் 800-இல் ஒரு பங்கு. கிளம்பும்போது அரை டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் விட்டாலும் அதே கணக்குதான். சைக்கிள் பந்தய ஜாம்பவான் எடி மெர்க்ஸே எடை குறைக்க உதிரிபாகங்களில் துளை போட்டவர்தானே என்பார்கள். போட்டார், 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். ஆனால் துளைகளோடு கூட மெர்க்ஸின் கால்களும் இருந்தன.

அப்படியானால் கருவியால் பயனே இல்லையா? உண்டு. இன்னொரு பந்தய வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996-இல் கைகளை முன்னே நீட்டிப் படுத்தவாக்கில் அதே ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. தொட்டார். மெர்க்ஸ் காலத்து வகை வண்டிதான் வேண்டும் என்ற விதியின்கீழ் 2000-இல் அவர் ஓட்டியது 49.441, மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் கூடுதல். போர்ட்மனின் இரண்டு ஓட்டங்களுக்கும் இடையிலான சுமார் ஏழு கிலோமீட்டரில் பெரும்பகுதி உட்காரும் விதத்தின் கொடை. சமதளத்தில் வேகமெடுத்தால் முதல் எதிரி காற்று. அதை அதிகம் மறிப்பது வண்டியல்ல, மேலே இருப்பவர். முழங்கையை மடக்கிக் குனியக் காசு வேண்டாம், தொப்பை சம்மதிக்க வேண்டும். அதற்கு மட்டும் கார்பனில் மாற்று இன்னும் கடைக்கு வரவில்லை.