வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஒரு வரவேற்பு மடல்

மாட்சிமை பொருந்திய இந்திய அணுமின் கழகத்தாருக்கு,

கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் எழுதிக்கொள்வது. போன வாரம் ஓர் அரசு அலுவலகத்தில் மனுவோடு நின்றேன். எரிந்து முடிந்த அணு எரிபொருளை வைக்கப்போகும் கட்டடம் பற்றி எங்களிடம் கருத்துக் கேட்க, 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்து, பிறகு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்களே, அது எப்போது நடக்கும் என்பதுதான் மனு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை நாலாக மடித்து, ஆவி பறக்கும் டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். "அண்ணாச்சி, ஒத்திதான வச்சிருக்கு, ரத்து ஆகலல்லா? பெறவு என்ன அவசரம்?" என்றார். அவர் குடித்து முடிக்கிறவரை என் கருத்து கிளாஸுக்கு அடியில்தான் கிடந்தது.

யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்த எரிபொருள் மாப்பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. அவருக்குள் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். கருத்துக் கேட்க ஆறேழு வருஷம் பிந்தினால் குடி முழுகிவிடாது.

மாப்பிள்ளை என்று உரிமையோடு சொல்வதைத் தப்பாக நினைக்க வேண்டாம். 1988 நவம்பரில் கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும் தாம்பூலம் மாற்றிக்கொண்டபோது இருந்த பேச்சு வேறு. மாப்பிள்ளை வந்து உலையில் வெந்து உழைத்து ஓய்ந்தபின் சோவியத் ஒன்றியமே அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்பதுதான் பேச்சு. நடுவில் சம்பந்தி வீடே உடைந்துபோனது. 1998-இல் மறுபேச்சு நடந்து, ஆள் வீட்டோடு மாப்பிள்ளை என்று முடிவாகிவிட்டது. எந்த வீட்டோடு என்று மட்டும் அந்த வீட்டாரிடம் யாரும் கேட்கவில்லை.

வந்தவருக்கு உங்கள் உபசாரம் பெரிது. உலைக்குப் பக்கத்திலேயே குளம், அதில் இரவும் பகலும் குளிர்ந்த நீர். ஆனால் குளம் நிறைந்துகொண்டே வருமே, தனியறை வேண்டாமா? ஐந்து வருஷத்தில் கட்டுங்கள் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் நீங்கள் போய், இந்த வகை எரிபொருளை நெடுங்காலம் வைத்திருந்த அனுபவம் நமக்கு இல்லை, சவாலான வேலை என்று 2022 வரை தவணை வாங்கினீர்கள். அடக்கத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கடலோரத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டை ஓட்டத் தெரியும், அதில் வெந்ததை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியாது!

நிரந்தர வீடும் ஒருமுறை பார்த்தீர்கள். 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கோலார் தங்கவயல் பெயர் அடிபட்டது. (அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள்தான், மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணை கிடைத்திருக்கும்.) கர்நாடகத்தில் கூச்சல் கிளம்பியது. சில நாளிலேயே கோலார் இல்லை என்று பின்வாங்கினீர்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் இடிந்தகரைக் கடற்கரையில் உலையை எதிர்த்துத் திரண்ட எங்கள் பெண்கள்மேல் கண்ணீர்ப்புகை குண்டு விழுந்தது. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார். வேண்டாம் என்று சொன்ன ஆயிரக்கணக்கான பேர்மேல் தேசத்துரோக வழக்கு. வலை பின்னுகிற கிழவிக்கு என்னய்யா தேசத்துரோகம்? கோலார்க்காரன் சொன்னால் அது கருத்து, நாங்கள் சொன்னால் குற்றமா?

மன்னிக்கவும். சம்பந்திகளிடம் குரல் உயரக் கூடாது.

மாப்பிள்ளையைக் கழிவு என்று சொன்னாலே உங்கள் பக்கத்து விஞ்ஞானிகளுக்கு முகம் சுருங்குகிறது. அது கழிவு இல்லை, மறுசுழற்சி செய்தால் திரும்ப எரிபொருளாகும் சொத்து என்கிறார்கள். இவ்வளவு பெரிய சொத்தை ராதாபுரம் தாலுகாவுக்கே எழுதிவைக்கும் தாராளம் யாருக்கு வரும்? டெல்லிக்கும் மும்பைக்கும் ஒரு பங்காவது கொடுங்கள், எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. 2022 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலினே பிரதமருக்கு எழுதி, ஆளை ரஷ்யாவுக்கே அனுப்பிவிடச் சொன்னார். அந்தக் கடிதத்தின்மேல் யார் டீ கிளாஸ் வைத்தார்களோ.

கூட்டம் நடக்கிற அன்று நாங்கள் கட்டாயம் வருவோம். சுற்றுச்சூழல் அறிக்கையை முழுசாகத் தமிழில் கொடுங்கள், சுருக்கம் போதாது. சாமியானாவில் போலீஸ்காரர்கள் போக எங்களுக்கும் நாலு நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
பெண் வீட்டார்

பி.கு: 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளக் கணினிகளில் யாரும் புகவே முடியாது என்று நிலையம் அறிவித்தது. மறுநாளே, ஆமாம், நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் புகுந்திருக்கிறார்கள், செப்டம்பரிலேயே தெரியும், உலைக்கு ஆபத்தில்லை என்றீர்கள். மாப்பிள்ளையின் அறையில் ஏதாவது ஒழுகினாலும் மறுப்பை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். மூட்டை கட்டத் தோதாக இருக்கும்.