பசித்தவருக்காக ஒரு விருந்து

கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர் குளிப்பதற்கு 2016-ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. வீடில்லாத மாணவர்கள் வளாகத்துக் குளியலறையைப் பயன்படுத்த, குளியலறை உள்ள சமுதாயக் கல்லூரிகள் அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். கூடவே நிபந்தனைகள். மாணவர் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். கல்லூரியில் அவர்மீது குறை எதுவும் இருக்கக் கூடாது. கட்டணம் கட்டியிருக்க வேண்டும். பின்னே? வீடில்லாதவன் ஓசியில் குளித்துவிட்டால் மாநிலம் என்னத்துக்கு ஆவது? சோப்பைத் தொடுமுன் ரசீதைக் காட்டு.

குளித்தாயிற்று, தூங்க வேண்டுமே. 2019-ல் மார்க் பெர்மன் என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அறை கேட்கவில்லை, கட்டில் கேட்கவில்லை. கல்லூரியின் வாகன நிறுத்துமிடத்தை இரவில் திறந்துவையுங்கள், பிள்ளைகள் தங்கள் காருக்குள்ளேயே படுத்துக்கொள்ளட்டும் என்றார். அவ்வளவுதான். காவலுக்கு யார் சம்பளம் கொடுப்பது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கல்லூரி நிர்வாகங்கள் கணக்குக் கேட்டன. செனட் குழுவில் திருத்தங்கள் ஏறின. கடைசியில் கொண்டுவந்தவரே மசோதாவைக் கைவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து லாங் பீச் சிட்டி காலேஜ் யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு நிறுத்துமிடத்தைத் திறந்தது. கழிப்பறை உண்டு, வைஃபை உண்டு, காவலாள் உண்டு. ஊரே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். தனி நாடாக இருந்தால் உலகின் முதல் ஐந்து பொருளாதாரங்களில் ஒன்றாக இருக்கும் ஒரு மாநிலம், தன் மாணவர்களுக்கு ஒரு கார் நீளத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டதே!

அந்த மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள். சுமார் இருபது லட்சம் மாணவர்கள். நர்சாக, எலக்ட்ரீஷியனாக, மழலையர் பள்ளி ஆசிரியையாக வருகிறவர்கள் இங்கிருந்துதான் வருகிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கட்டணத்துக்குப் பயந்து முதல் இரண்டு ஆண்டை இங்கே படித்துவிட்டு அங்கே மாறுகிறவர்களும் உண்டு. 2023-ல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், பதில் சொன்ன மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சாப்பாடு நிச்சயமில்லை. நான்கில் ஒருவர் முந்தைய ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் வீடற்று இருந்தவர். நண்பன் வீட்டு சோபாவும் இந்தக் கணக்கில் சேரும், காரின் பின்சீட்டும் சேரும்.

இந்தப் பசியைப் போக்க அமெரிக்கா கண்டுபிடித்திருக்கும் வழி விருந்து.

அநேகமாக ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் அறக்கட்டளை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பிதழ் வரும். அதில் கனவு இருக்கும், சிறகு இருக்கும், வானமும் இருக்கும். வாடகை என்ற சொல் மட்டும் இருக்காது. நட்சத்திர ஓட்டலின் நடன அரங்கு. மேசைக்குப் பத்துப் பேர். வெள்ளிப் புரவலர், தங்கப் புரவலர், பிளாட்டினப் புரவலர் என்று வருணாசிரமம் வேறு. சுவரோரம் மௌன ஏலம். நாபா பள்ளத்தாக்கில் ஒயின் பருகிக் கழிக்க இரண்டு நாள், கோல்ஃப் மைதானத்தில் ஒரு காலை, யாரோ ஒரு ஆட்டக்காரர் கையெழுத்திட்ட பந்து. பசித்தவர் பெயரில் நடக்கும் இந்த ஏலத்தில் ஒரு மூட்டை அரிசி ஏலத்துக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனிப்புப் பரிமாறும் நேரத்தில் விளக்கைக் குறைத்து ஒரு மாணவியை மேடைக்கு அழைத்து வருவார்கள். அவளுக்குத் தரப்படுவது மூன்று நிமிடம். அதற்குள் அப்பா ஓடிப்போனதும், அம்மாவின் நோயும், பேருந்தில் படித்ததும், கடைசியில் நம்பிக்கையும் வந்துவிட வேண்டும். கோபம் வரக் கூடாது. அழலாம், ஆனால் பேச்சு தடைபடாத அளவுக்கு. முக்கியமாக, வாடகையை ஒரே ஆண்டில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. ஏற்றியவர் நான்காம் மேசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். பேசி முடித்ததும் கைதட்டல். கண்ணீர் காயுமுன்பே ஏலக்காரர் மைக்கைப் பிடித்துவிடுவார்: “ஐயாயிரம் டாலர்! யார் தருகிறீர்கள்?” எண் அட்டைகள் உயரும். பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரே என்று இன்னும் இரண்டு உயரும். புகைப்படம் எடுத்துக்கொண்டபின், இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அந்தப் பெண் கிளம்பிவிடுவாள்.

கொடுப்பவர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல என்று இந்த இடத்தில் எழுதுவது மரபு. நான் எழுதப்போவதில்லை. மாதம் இருபது டாலரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டுப் போகும் ஓய்வுபெற்ற நூலகருக்கு என் வணக்கம். அவர் இந்த அரங்குக்கு வருவதுமில்லை. வருகிறவர்களின் கணக்கு வேறு. ஐந்நூறு டாலர் சீட்டு என்று வையுங்கள். அதில் நூற்றைம்பது சாப்பாட்டின் மதிப்பு. மிச்சம் முந்நூற்றைம்பது நன்கொடையாகி வருமானத்திலிருந்து கழியும். உச்ச வரிவிகிதத்தில் இருப்பவருக்கு அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அரசாங்கத்திடமிருந்தே திரும்பி வந்துவிடும். விலை ஏறிய பங்குகளாகக் கொடுத்தால் இன்னும் விசேஷம், ஏறிய லாபத்துக்கும் வரி கிடையாது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்க வருமானவரித் துறை அதற்குப் படிவமே அச்சடித்து வைத்திருக்கிறது.

வாங்குகிறவளின் கணக்கையும் பார்க்க வேண்டாமா? உதவித்தொகையைப் படிப்புக் கட்டணத்துக்கும் கட்டாயப் பாடநூலுக்கும் செலவிட்டால் வரியில்லை. அதே பணத்தில் அரிசி வாங்கினாலோ வாடகை கொடுத்தாலோ சட்டப்படி அது வரிக்குரிய வருமானம். வருமானமே சொற்பம் என்பதால் பெரும்பாலும் வரி கட்ட நேராது என்பது உண்மைதான். ஆனாலும் சட்டத்தின் மனசைப் பாருங்கள்: பசியைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டவருக்குச் சலுகை, பசித்துச் சாப்பிட்டவளுக்குக் கணக்கு. அரசின் உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பாதிநேரமோ அதற்கு மேலோ படிக்கிற மாணவர், வேறு விதிவிலக்கு எதிலும் வராவிட்டால், வாரம் இருபது மணிநேரம் வேலை பார்த்தாக வேண்டும். படிப்பதற்காக வேலையைக் குறைத்தால் சோறு போகும். சோற்றுக்காக வேலையைக் கூட்டினால் படிப்பு போகும். எல்லாம் மீறி எங்கிருந்தோ ஒரு பரிசு கிடைத்தால், ‘உனக்குத்தான் கிடைத்துவிட்டதே’ என்று கல்லூரி தன் உதவியிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கா முழுக்க இருந்தது. மேரிலாண்ட் 2017-ல் அதைத் தடுத்தது. கலிபோர்னியாவுக்கு வெட்கம் வர 2022 ஆயிற்று.

இந்தப் பிச்சை ஆதியில் இல்லை. 1910-ல் ஃப்ரெஸ்னோவில் தொடங்கிய நாளிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கலிபோர்னியாவின் இந்தக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் கிடையாது. அந்தக் காலம் முடிந்த ஆண்டு 1984. அதே 1984 ஜனவரி 24 அன்று, குப்பர்டினோவில் டி அன்சா என்ற சமுதாயக் கல்லூரியின் ஃப்ளின்ட் அரங்க மேடையில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையிலிருந்து மெக்கின்டாஷ் கணினியை எடுத்து வைத்தார். மக்கள் வரிப்பணத்துக் கல்லூரி மேடையில் புதிய யுகம் பிறந்தது. அந்த இலையுதிர் பருவத்தில் மாணவர்கள் ஒரு பாட யூனிட்டுக்கு ஐந்து டாலர் கட்டத் தொடங்கினார்கள். இப்போது 46. பன்னிரண்டு யூனிட் எடுத்தால் பருவத்துக்கு 552 டாலர். ஏழை மாணவர்களுக்கு இந்தக் கட்டணம் தள்ளுபடி உண்டு. குப்பர்டினோவின் வாடகைக்குத் தள்ளுபடி கிடையாது.

கட்டணம் வானத்திலிருந்து விழவில்லை. 1978-ல் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் அடக்கி, சொத்து கைமாறும் வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று கட்டிப்போட்டது ‘புரபொசிஷன் 13’ என்ற மக்கள் வாக்கெடுப்பு. கிழவி வீட்டை இழந்துவிடுவாள் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். கிழவிக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு அலுவலகக் கோபுரங்களுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் கிடைத்தது. சொத்து வரி வரவு ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பள்ளிகளும் சமுதாயக் கல்லூரிகளும் அந்த வரியில்தான் பங்கு வாங்கிக்கொண்டிருந்தன.

கோபுரங்கள் அதோடு அடங்கிவிட்டனவா? 2018-ல் வெளிவந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஆப்பிள் தலைமையகத்தைச் சுற்றியுள்ள சில சொத்துகளுக்கு சாண்டா கிளாரா கவுன்ட்டி மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு 100 கோடி டாலர். அதை எதிர்த்து ஆப்பிள் செய்த மேல்முறையீட்டில் குறிப்பிட்ட மதிப்பு 200 டாலர். அச்சுப்பிழை இல்லை. இருநூறு கோடி இல்லை, இருநூறு லட்சம் இல்லை, இருநூறு. பேரம் எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும் என்று வரி வக்கீல்கள் விளக்கம் சொல்வார்கள். கொத்தவால் சாவடியில்கூட இப்படிப் பேரம் பேசினால் தராசோடு விரட்டுவார்கள்.

2020-ல் ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது சந்தை மதிப்பில் வரி போடலாம், அதில் ஒரு பங்கு பள்ளிக்கும் சமுதாயக் கல்லூரிக்கும் போகட்டும் என்று ‘புரபொசிஷன் 15’ ஓட்டுக்கு வந்தது. 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கடுத்த விருந்தில் எண் அட்டையை உயர்த்தினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மறு ஆண்டு அப்போதைய அதிபர் பைடன் நாடு முழுக்க இரண்டு ஆண்டுச் சமுதாயக் கல்லூரிப் படிப்பை இலவசமாக்க 10,900 கோடி டாலர் கேட்டார். அவர் மனைவி ஜில் பைடனே அப்போது ஒரு சமுதாயக் கல்லூரி ஆசிரியை. சில மாதங்களில் அந்தத் திட்டம் நாடாளுமன்ற மசோதாவிலிருந்து வெட்டப்பட்டது. 2022 பிப்ரவரியில், அது இனி இல்லை என்று சமுதாயக் கல்லூரித் தலைவர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும் வேலையும் அந்த ஆசிரியைக்கே வாய்த்தது.

கொடை இல்லாமலில்லை. 2021-ல் மெக்கன்சி ஸ்காட் லாங் பீச் சிட்டி காலேஜுக்கு 3 கோடி டாலர் கொடுத்தார். பாசடீனா சிட்டி காலேஜுக்கும் 3 கோடி. விருந்து இல்லை, நிபந்தனை இல்லை. நல்ல மனசு. ஆனால் அந்தப் பணம் அமேசான் முதலாளியுடனான மணமுறிவில் அவருக்கு வந்த பங்குகள். ஆக, ஒரு பணக்காரத் தம்பதி பிரிய வேண்டும், பிரிந்தவருக்கு இரக்கம் இருக்க வேண்டும், இரக்கம் சமுதாயக் கல்லூரிப் பக்கம் திரும்ப வேண்டும். இதற்குப் பெயர் உயர்கல்விக் கொள்கை. மற்ற கோடீஸ்வரர்களின் இரக்கம் வழி தெரிந்தது. அது நேரே ஹார்வர்டுக்குப் போய்விடும். 2015-ல் ஜான் பால்சன் 40 கோடி டாலர். 2023-ல் கென் கிரிஃபின் 30 கோடி; அதற்காக ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளிக்கே அவர் பெயர். வாகன நிறுத்துமிடத்துக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ள யாருக்கு ஆசை வரும்?

நாமும் இளைத்தவர்களல்லர். ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டுமென்றபோது உலகத் தமிழரெல்லாம் திரண்டோம். தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் நிதிக் கையிருப்பு 3,700 கோடி டாலர். தமிழுக்கு இருக்கை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் பலருக்கு டி அன்சா கல்லூரி காரில் பத்து நிமிடம். தங்கள் பிள்ளையே கோடையில் அங்கே ஒரு கணக்குப் பாடம் எடுத்திருப்பான். அதன் வாசலில் யாரும் திரண்டதாகத் தகவல் இல்லை. அங்கே நாற்காலி போட்டால் படம் எடுத்து ஊருக்கு அனுப்ப முடியாது.

வருகிற விருந்தின் மௌன ஏலத்துக்கு என் பங்காக ஒரு யோசனை. நாபா ஒயினை நீக்கிவிட்டு, ஆப்பிளின் அந்த மேல்முறையீட்டில் குறிப்பிட்ட குப்பர்டினோ சொத்துகளை உரிமையாளர் சொன்ன விலைக்கே ஏலத்தில் வையுங்கள். தொடக்க விலை 200 டாலர். மேடையில் பேசிய அந்தப் பெண் ஒரு பருவக் கட்டணமான 552 டாலரைத் திருப்பி வாங்கினால்கூட, அந்த மாதிரித் தொகுப்பு இரண்டை வாங்கிக்கொண்டு மிச்சம் 152 டாலரில் மளிகைச் சாமானும் வாங்கலாம். அறைகள் நிறைய இருக்கும். ஏசி வேலை செய்யும். மாடிக்கு மாடி குளியலறை உண்டா என்று மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.