பிளான் அப்ரூவல் இல்லாத கட்டடம்

கீழடி பள்ளிச்சந்தைத் திடலில் ஒரு கட்டடம் பிடிபட்டது. வரைபட அனுமதி இல்லை. தீர்வை கட்டிய ரசீது இல்லை. தென்னந்தோப்புக்கு அடியில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக எந்த அலுவலகத்துக்கும் தகவல் சொல்லாமல் கிடந்திருக்கிறது. இப்படிப்பட்ட குற்றவாளியை அரசாங்கம் சும்மா விடுமா?

மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது அந்தத் திடல். இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகைக் கரையோரம் 293 இடங்களைச் சலித்துவிட்டு, 2015இல் இங்கே குழி போட்டது. அடுத்த கட்டத்தில் செங்கல் சுவர்கள் வரிசையாக வெளியே வந்தன. குடியிருந்த வீட்டின் அமைப்பாக அது தெரியவில்லை. ஒரு தொட்டி, அதற்குத் தண்ணீர் வர ஒரு வழி, போக ஒரு வழி. திறந்த வாய்க்கால், சுடுமண் குழாய், பக்கத்திலேயே உலைகள். சாயப்பட்டறையோ வேறு தொழிற்கூடமோ இருந்திருக்கலாம் என்றார்கள். பின்னால் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது நூல் நூற்கும் தக்களிகளும் நெசவுக்கான எலும்பு முனைகளும் கிடைத்தன.

அந்தப் பட்டறைக்காரர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கூரை ஓடு ஒன்று போதும். மேல் பக்கத்தில் இரண்டு துளைகள், கயிறு கொடுத்து மரச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டுவதற்கு. முதுகில் நீளவாக்கில் பள்ளங்கள், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிவதற்கு. கூரையைத் தாங்கிய மரத்தூண்கள் மக்கிப்போய்விட்டன, அவை நின்ற குழிகள் மட்டும் தரையில் மிச்சம். மாதிரிகளை வேலூர் விஐடியில் சோதித்தார்கள். செங்கல்லில் சிலிக்கா 80 சதவிகித அளவில், சாந்தில் சுண்ணாம்பு 97 சதவிகிதம். இன்றைய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் 97 சதவிகிதம் என்று சொல்லிப் பாருங்கள், கமிஷனைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டியதுதான் வினை. 2017இல் அமர்நாத் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தில் வேறொரு அதிகாரி தலைமையில் சுமார் 400 சதுர மீட்டர் தோண்டிவிட்டு, செங்கல் சுவர்களின் தொடர்ச்சி தென்படவில்லை என்றார்கள். கண்டுபிடித்தவர் பிரம்மபுத்திராக் கரையில். சுவர் மட்டும் யாரை நம்பி வெளியே வரும்? அதற்குப் பிறகு மாநில அரசு கையில் எடுத்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலத்தோடு திரும்பி வந்தது.

இங்கே நம் பக்கத்து வீரர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த வயது அந்தக் கரித்துண்டின் வயது. மேலே கிடக்கிற ஒவ்வொரு செங்கல்லுக்கும் அதே பிறந்தநாள் கொண்டாட முடியாது. மேடையிலோ மைக் சூடாகச் சூடாக ஆண்டுக்கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த மாநாட்டுக்குள் பத்தாயிரத்தைத் தொட்டுவிடும். இருக்கிற வயதே பெருமைக்குப் போதாதா ஐயா?

மதுரைப் பக்கத்தில் செங்கல் என்றாலே மேடைச் சாமான்தான். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் அங்கே இருப்பது இவ்வளவுதான் என்று ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டார். 2022இல் மதுரை எய்ம்ஸில் சேர்ந்த பிள்ளைகள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். செங்கல்லைக் காட்டியவர் துணை முதலமைச்சர் ஆனார். ஆக, செங்கல்லால் யாருமே உயரவில்லை என்று சொல்ல முடியாது.

கீழடிப் பொருள்களுக்கு 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அருங்காட்சியகம் கட்டி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். நல்ல காரியம், பொருள்களை நன்றாகவே அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி! சங்ககாலக் கட்டுமானத்தைக் காட்ட, அதற்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்திய நகரத்தார் வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். செல்ஃபிக்கு எடுப்பாக இருக்கிறது, அது உண்மை.

திருப்புவனம் பக்கத்துச் சூளைகளுக்கும் ஒரு நடை போய் வரலாம். முன்பணம் வாங்கிய குடும்பம் விடியுமுன்னே எழுந்து கல் அறுக்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, பச்சைக்கல் மழையில் கரைந்தால் அந்த நாள் உழைப்பும் போச்சு. ஊருக்கெல்லாம் வீடு கட்டக் கல் அறுக்கிறவர்கள் சூளையோரத் தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். தமிழன் அன்றே செங்கல்லில் கட்டினான் என்று மார்தட்டுகிறவர்கள் யாரும், இன்று செங்கல் அறுக்கிறவன் எதில் குடியிருக்கிறான் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

டெல்லிக் கதைக்கு வருவோம். முதல் இரண்டு கட்ட ஆய்வைப் பற்றி அமர்நாத் எழுதிய அறிக்கை, 982 பக்கம், 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுக்கப்பட்டது. ஒன்பது மாதத்தில் வெளியிடுகிறோம் என்று 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சொன்னார்கள். ஒன்பது மாதமும் போயிற்று, அதற்கு மேல் ஆறு மாதமும் போயிற்று, பிள்ளையைக் காணோம். 2025 மே மாதம், திருத்தி எழுதச் சொல்லி அறிக்கை எழுதியவருக்கே திரும்பி வந்தது. காலவரையறைக்குச் சான்று போதாதாம், வரைபடம் தெளிவாக இல்லையாம். இதைக் கண்டுபிடிக்க 28 மாதம்! தன் முடிவில் மாற்றமில்லை என்று அமர்நாத் பதில் எழுதினார். கூடுதல் அறிவியல் ஆதாரம் வேண்டும் என்றார் மத்திய அமைச்சர். ஜூன் மாதம் அமர்நாத்துக்கு வந்தது இன்னொரு இடமாற்றம், இந்த முறை நொய்டாவுக்கு. காலக்கணிப்பில் சந்தேகம் வந்தால் ஆளை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் அந்தக் கூடுதல் அறிவியல் போலிருக்கிறது.

ஆதாரம் கேட்பது தப்பே இல்லை. கேட்க வேண்டிய இடம் மூடிய கோப்பு அல்ல, அச்சிட்ட புத்தகம். 982 பக்கத்தையும் ஒரு வரி வெட்டாமல் அப்படியே அச்சில் போடுங்கள். காலக்கணிப்பு தப்பு என்றால் உங்கள் மறுப்பையும் பெயர் போட்டு எழுதி, அதே புத்தகத்தின் பின்னால் சேருங்கள். யார் சொல்வது சரி என்று நாங்கள் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.