‘நகரவே இல்ல’: ஓ.எம்.ஆர். வாட்ஸ்அப் செய்திகள் குறித்து ஓர் ஆய்வு

சென்னையில் மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) வேலைக்குப் போய்வருவோர் தத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் போடும் டிராஃபிக் செய்திகளே இவ்வாய்வின் பொருள். குட்மார்னிங் ரோஜாக்கள், ‘டூ பி.எச்.கே. வாடகைக்கு’ அறிவிப்புகள், பிறந்தநாள் கேக்குகள் ஆகியன தரவிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியபின் எஞ்சியது சொற்பமே என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

செய்தி அனுப்புபவர் யார்? ஓடும் வண்டியை ஓட்டுபவர் அல்லர். கையில் செல்போனோடு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சாதவரும் பள்ளத்துக்கு அஞ்சுவார். எனவே செய்தி தருபவர்கள் இரண்டே வகை: மாட்டிக்கொண்டு நிற்பவர், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர். ‘எஸ்.ஆர்.பி. டூல்ஸ்ல நகரவே இல்ல’ என்று செய்தி வரும். ‘எஸ்.ஆர்.பி. டூல்ஸ் காத்தாடுது’ என்று ஒருபோதும் வராது, ஏனெனில் அதைச் சொல்லவேண்டியவர் இந்நேரம் தரமணி தாண்டியிருப்பார். குழு மௌனமாக இருந்தால் சாலை நன்றாக இருக்கிறது. அல்லது அன்று ஞாயிற்றுக்கிழமை.

அடுத்தது காலச் சிக்கல். ஆற்று வெள்ளத்தை ஆராய்ந்த லைட்ஹில், விட்ஹம் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர்கள் 1955இல் அதே கணக்கை நெரிசலுக்கும் போட்டுக் காட்டினார்கள். வண்டிகள் முன்னோக்கிப் போனாலும் நெரிசலின் வால் பின்னோக்கி நீளும். ‘டைடல் கிட்ட ஜாம்’ என்ற செய்தி சோழிங்கநல்லூரில் இருப்பவரை நொடியில் அடைகிறது. அவர் கிளம்பினால், அந்த ஜாமே பெருங்குடி வரை வந்து அவரை எதிர்கொள்கிறது. ஊர்ந்து ஊர்ந்து டைடலை அடைந்தால் சாலை வெறிச்சென்றிருக்கிறது.

“தல, டைடல் காலியா இருக்கே?”

“அது ஏழு மணிக்குப் போட்டது ப்ரோ.”

இருவர் சொல்வதும் உண்மை. யாருக்கும் பயனில்லை.

இவற்றைவிடக் கொடியது யோசனை சொல்லும் செய்தி. ‘அக்கரை வழியா ஈ.சி.ஆர். பிடிங்க, ஃப்ரீயா இருக்கு’ என்று ஒரு புண்ணியவான் எழுதுகிறார். ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆர். என்ற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் கிடக்கிறது. கடக்க இருப்பவை சில பாலங்கள்தாம். செய்தியைப் படித்தவர் அனைவரும் ஒருசேர இண்டிகேட்டர் போடுகிறார்கள். புதிதாக ஒரு சாலை போட்டாலே எல்லாருடைய பயணமும் தாமதமாகக்கூடும் என்று 1968இல் நிறுவினார் ஜெர்மானியர் டீட்ரிச் பிரேஸ். சாலை போடும் செலவுகூட வேண்டாம், ஒரு ஃபார்வர்ட் போதும் என்பது எமது எளிய பங்களிப்பு. அன்று ஓ.எம்.ஆரிலேயே நேராகப் போய்ச் சீக்கிரம் வீடு சேர்பவர், சார்ஜ் தீர்ந்து செல்போன் அணைந்து போனவர்.

அப்படியானால் இச்செய்திகள் எதற்கு? காலை ஒன்பதரை மீட்டிங்குக்கு முன் அவை ஸ்கிரீன்ஷாட்டாக மாறி மேனேஜருக்குப் போவதைக் கவனித்தபோது விடை கிடைத்தது. சாலையில் இருப்பவருக்குப் பயன்படாத செய்தி, வீட்டில் இன்னும் பல் துலக்கிக்கொண்டிருப்பவருக்குச் சான்றாவணமாகிறது. இம்முறையில் ஒரே ஒரு குறை: மேனேஜர்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

“சார், துரைப்பாக்கம் சிக்னல்ல செம ஜாம். அரை மணி நேரம் லேட்டாகும்.”

“நானும் அங்கதான் நிக்கிறேன். உங்க வண்டி எது?”