கம்பிப் புணர்ச்சி இயல்

வண்டி, பெரியார் என்னும் இரு சொற்கள் சேரும்போது நடுவில் ஒரு 'ப்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. இலக்கணம் இதைத் தோன்றல் விகாரம் என்கிறது. எழுத்துக்கு இவ்வளவு விதி வகுத்த முன்னோர் கம்பிக்கு ஒன்றும் வகுக்காமல் போனது பெருங்குறை. அதை நிறைக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது. எழுந்த இடம், கேரளத்து வண்டிப்பெரியார் பஜாரில் ஒரு டி.வி. மெக்கானிக் கடை. காலம், இடவப்பாதி மழை.

ஆய்வுப் பொருள் ஆம்ப்ரோ லிட்டில் போர்டு. 1980-களின் அமெரிக்கச் சரக்கு. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவின் முதுகிலேயே வைத்துத் திருகிவிடலாம், அவ்வளவுதான் அளவு. இசட்-80 சில்லு, 64 கே நினைவகம், இரண்டு சீரியல் போர்ட். என் மருமகன் சென்னை ரிச்சி தெருவில் எடைக்கு வாங்கி, பரணில் போட்டுவிட்டு துபாய் போய்விட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் அதை ஏன் கையில் எடுத்தான் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி சூத்திரம்:

இரண்டு மூன்றாம், மூன்று இரண்டாம், ஏழோ ஏழே.

உரை: ஆர்.எஸ்.-232 முறைப்படி 25 முள் பிளக்கில் இரண்டாம் முள் வாய். மூன்றாம் முள் காது. ஏழாம் முள் பலகை, டெர்மினல் இருவருக்கும் பொதுவான கிரவுண்டு. ஒருவர் வாயை மற்றவர் காதோடு சேர்க்க வேண்டும் என்பது கருத்து. 'ஏழே' என்ற ஏகாரம் தேற்றப் பொருளில் வந்தது. அஃதேல், நேருக்கு நேராக இணைத்தால் என்னை எனின், வாயும் வாயும் பேசிக்கொண்டிருக்க, காதும் காதும் காத்திருக்கும். டெர்மினல் திரை கறுப்பாகவே கிடக்கும். இரு முனையும் தம்மை டி.டி.இ., அதாவது டேட்டா டெர்மினல் எக்விப்மென்ட், என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் இவ்விதி செல்லும். (ரயிலில் டிக்கெட் கேட்பவர் அல்லர். பெயரில் வண்டி இருந்தும் எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.)

சில டெர்மினல்கள் 'தயாரா?' என்று கேட்டு, பதில் வராமல் வாய் திறக்கா. அங்கே நாலையும் ஐந்தையும் ஒரு துண்டுக் கம்பியாலும், ஆறு, எட்டு, இருபதை இன்னொன்றாலும் பிளக்குக்குள்ளேயே பற்றவைக்க, அது தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும். இது தோன்றல். இன்னொரு விந்தை: இந்தக் கம்பியில் ஒன்று என்றால் மைனஸ் வோல்ட், பூஜ்யம் என்றால் பிளஸ் வோல்ட். மைனஸைப் போய் ஒன்று என்பது மங்கல வழக்கு என்க.

சீரியலில் திரிதல் விதி கைவந்த செருக்கில் ஃப்ளாப்பிக்குப் போனேன். பழைய பி.சி.யில் கழற்றிய டிரைவும் அதே பி.சி.யின் 34 கம்பி ரிப்பன் கேபிளும் இருந்தன. அந்தக் கேபிளில் 10 முதல் 16 வரை ஏழு கம்பிகள் முறுக்கி இருக்கும். ஐ.பி.எம். பி.சி. வழக்கத்தில் இரண்டு டிரைவுக்கும் 'நீ இரண்டாமவன்' என்றே ஜம்பர் வைத்திருப்பார்கள்; மூத்தவன் யார் என்பதைக் கேபிளின் முறுக்கு தீர்மானிக்கும். பங்காளிச் சண்டையைத் தீர்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பவரைப் போட்டோம். மெக்கானிக் குனிந்து பார்த்துச் சொன்னார்: "மாஷே, மோட்டார் கறங்குன்னுண்டு, லைட் கத்துன்னில்லா."

உண்மைதான். தட்டு சுற்றுகிறது, சிவப்பு விளக்கு எரியவில்லை. லிட்டில் போர்டு முறுக்கை அறியாத பழைய மரபு. அது 'முதலாமவனே வா' என்று பத்தாம் கம்பியில் கூப்பிட்ட குரல், முறுக்கில் புரண்டு பதினாறாம் கம்பியில் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாமவன் என்ற ஜம்பரோடு இருந்த டிரைவோ தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று சும்மா இருந்தது. ஆக, சீரியலில் திரியாதது குற்றம். ஃப்ளாப்பியில் திரிந்தது குற்றம். ஒரே பலகையில் இரண்டு இலக்கணம்! நன்னூல் படித்தவனுக்கே தலை சுற்றுகிறது.

முறுக்கில்லாத கேபிளை மாட்டி, ஜம்பரை முதலிடத்துக்கு நகர்த்தினோம். இயல்பு புணர்ச்சி. விளக்கு எரிந்தது, ஹெட் டக்டக் என்று நகர்ந்தது, அதோடு நின்றது. மெக்கானிக் ஃப்ளாப்பியை உருவி, அதன் நீள்துளை வழியே கறுத்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முப்பது மழைக்காலத்தின் வெள்ளைப் பூஞ்சணம், கோலப்புள்ளி போல.

"பூத்துப் போயி, மாஷே."

கெடுதல் விகாரம் பற்றிய அதிகாரம் வெயில் வந்து ஃப்ளாப்பி காய்ந்தபின் எழுதப்படும்.