முருகைக்கல் மாமா

கற்பிட்டியில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிய முன்பே மாமாவுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு மாமா என்று கேட்கக் கூடாது, ஊருக்கே மாமா. போயா லீவுக்கு வரும் கொழும்பு வான் பாலாவிச் சந்தியில் திரும்பியதுமே செய்தி வந்து சேரும் போலிருக்கிறது. விருந்தாளி இடியப்பத்தில் சொதியை ஊற்றும் நேரம் பார்த்து முற்றத்தில் குடை மடக்கும் சத்தம் கேட்கும்.

"கோட்டை பார்த்தாச்சா?"

"போன முறை வந்தப்ப பார்த்தோம் மாமா."

"யாரோட பார்த்தீங்க?"

தான் இல்லாமல் பார்த்த கோட்டை அவர் கணக்கில் சேராது. தன்னோடு பார்த்திருந்தாலும், "அப்ப வெயில் சரியில்ல, சுவர் விளங்கியிருக்காது" என்று மறுபடியும் கிளப்பிக்கொண்டு போவார்.

வந்தவர்கள் உண்மையில் டொல்பின் பார்க்க வந்தவர்கள். மாமா டொல்பினை மதிப்பதில்லை. "அது இண்டைக்கு இங்க நிக்கும், நாளைக்கு எங்கயோ. ஒல்லாந்தர் 1667ல தொடங்கி 1676ல முடிச்ச கோட்டை அதே இடத்தில நிக்குது." இந்த வாதத்துக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. அதற்குள் செருப்பைக் கண்டுபிடித்து எடுத்து வந்து காலடியில் வைத்திருப்பார்.

கோட்டை இப்போது கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. அனுமதி கேட்டு, கூட ஒரு நேவித் தம்பி வர, அவர் காட்டும் வழியில்தான் நடக்கலாம். அப்படி நடந்தால் சீக்கிரமே சுற்றி வந்துவிடலாம். மாமாவோடு போனால் முதல் சுவரைத் தாண்டவே பொழுது போய்விடும். குடை நுனியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, எல்லோரையும் வெயிலில் அரை வட்டமாக நிறுத்தி, தான் மட்டும் நிழலில் நின்றுகொண்டு தொண்டையைச் செருமுவார்.

"இது என்ன கல்? சொல்லுங்க பாப்போம்."

கருங்கல் என்பார் ஒருவர். மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். சுண்ணாம்புக்கல்லா என்பார் இன்னொருவர். "கிட்டக் கிட்ட வாறீங்க." கைக்குழந்தை அழும். நேவித் தம்பி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். எல்லோரும் ஒவ்வொரு கல்லாகச் சொல்லி, கல் பெயர்களே தீர்ந்து போன பிறகு, மாமா குரலைத் தாழ்த்துவார்.

"முருகைக்கல்!"

கடலுக்கு அடியில் உயிரோடு இருந்தது. அதை வெட்டி அடுக்கினால் சுவர், சுட்டால் சுண்ணாம்பு; கல்லும் அதுதான், கல்லை ஒட்டின சாந்தும் அதுதான். இத்தோடு விட்டால் நல்ல பாடம். விடமாட்டார். கல்லின் பூப்பூவான ஓட்டைகளில் ஒன்றுக்குள் கட்டைவிரல் நகத்தை நுழைத்துச் சுரண்டி, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைத் தூளை வந்தவர்களில் சின்னப் பிள்ளையின் நாக்குக்கு நேரே நீட்டுவார். "உப்புக் கரிக்குதா?" கடல் காற்று காலங்காலமாக அடித்த சுவர் உப்புக் கரிக்காமல் சீனியா கரிக்கும்? பிள்ளையின் தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். வரலாற்றை நக்கிப் பார்த்த பிள்ளைகள் இலங்கை முழுக்க எத்தனை பேர் இருக்கிறார்களோ.

ஒருமுறை ஓ.எல். படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி, கேட்ட கையோடு "முருகைக்கல்" என்றுவிட்டாள். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வினாத்தாள் வெளியே போய்விட்டது என்று கண்டுபிடித்த பரீட்சை மேற்பார்வையாளர் கெட்டார். "யார் சொல்லித் தந்தது?" என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவள் புத்தகத்தில் படித்ததாகச் சொன்னாள். புத்தகம் எழுதினவன் மேல் கோபம் திரும்பியது.

ஆனால் அவரிடம் இன்னொரு பொறி இருக்கிறது. உள்ளே போகும்போது வாசலை நிமிர்ந்து பார்க்க விடமாட்டார். "வாங்க வாங்க, வெயில் ஏறுது" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவார். திரும்பி வரும்போதுதான் வாசல் வளைவின் கீழே நிறுத்திக் குடையை உயர்த்துவார். "இது?" அதற்குள் நன்றாகப் பழகிப்போன கூட்டம் ஒரே குரலில் "முருகைக்கல்!" என்று கத்தும். "இல்லையே!" என்பார் மாமா, பெருநாள் காசு கிடைத்த பிள்ளையைப் போல. "மஞ்சள் செங்கல்! முழுக் கோட்டையும் முருகைக்கல், வாசல் மட்டும் செங்கல்!" அன்றைக்கு அவர் இராச் சாப்பாடு இரண்டு மடங்கு என்று மாமி சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டிலிருக்கும் மகன் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய் கிரனாடாவின் அல்ஹம்ப்ராவைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மாமா படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துச் சுவரையே பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்று போனைத் திருப்பித் தந்தார். "கல்லுத்தான் நம்மட அளவுக்கு இல்ல."

சைமன் காசிச்செட்டி 1807ல் இதே கற்பிட்டியில் பிறந்தவர், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859ல் 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கிலப் புத்தகம் போட்டவர். அவரைப் பற்றி மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். அவர் வீடு என்ன கல்லில் கட்டினது என்று தெரியாதாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாமா மேல் உண்மையான கோபம் உண்டு. இந்தக் கரையில் யார் யார் எப்போது வந்து இறங்கினார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில். 1344ல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததை, தானே இறங்குதுறைக்குப் போய்ப் பெட்டி தூக்கி வந்தவர் போலச் சொல்வார். 1659ல் போர்த்துக்கேயரிடமிருந்து ஊரைப் பிடித்தவர்கள் "எங்கட ஒல்லாந்தர்". 1990 அக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் வந்து இதே கரையில் இறங்கின எங்களுக்கு மட்டும் அவர் பட்டியலில் ஆண்டு கிடையாது. அன்றைக்கு ஊரே சோறு போட்டது. மாமி வீட்டுச் சட்டியும் அதில் இருந்தது, மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் விருந்தாளியிடம் என்னைக் காட்டி, "இவர் நம்மட அகதியாக்கள்ல ஒரு ஆள், நல்ல பிள்ளை" என்கிறார். என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், இங்கேதான் படித்தார்கள். பீரங்கியோடு வந்தவன் எங்கட ஆள், துணிப்பையோடு வந்தவன் அகதி. இதை அவரிடம் சொல்லியும் பார்த்துவிட்டேன். "கோவிக்காதீங்க தம்பி, பேச்சு வழக்கு" என்றார். அடுத்த போயாவுக்கும் அதே பேச்சு, அதே வழக்கு.

அப்படியிருந்தும் அவர் கூப்பிட்டால் போகிறேன். காரணம் அந்தக் குடை. சுவர் இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அறிவித்தல் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நேவித் தம்பி அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் குடை நுனியால் வேரோடு கிண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒல்லாந்தர் கல்லறைகளிலும் இதே வேலைதான். வீட்டுக்கு வந்தால் பையைத் தட்டி மாமி ஏசுவார். இவ்வளவு வருடமாக அந்தக் கோட்டைச் சுவரோடு யாராவது இப்படி மல்லுக்கு நின்றிருக்கிறார்களா? ஆனால் அதைப் பற்றி விருந்தாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதைச் சொல்லலாம், கல்லைப் பற்றிச் சொல்வதைக் குறைக்கலாம்.

போன போயாவுக்கு என் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். முதல் சுவரடியில் மாமா செருமத் தொடங்கினார். மாதக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன நேவித் தம்பி, குருநாகல் பக்கத்துப் பொடியன், முந்திக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில், "இது என்ன கல்? சொல்லுங்க பாப்போம்!" என்றான். யாரும் வாய் திறக்க முன்பே "ஹிரிகல்!" என்று விடையையும் சிங்களத்தில் அவனே சொல்லிவிட்டு, "வாங்க, போவம்" என்று நடையைக் கட்டினான். மாமா அதற்குப் பிறகு கோட்டை முழுவதையும் வாய் திறக்காமல் சுற்றினார். வாசலுக்கு வந்தபோது குடையைக்கூட உயர்த்தவில்லை. சம்பந்தி வீட்டார் தாமாகவே நிமிர்ந்து பார்த்து, "செங்கல் போலிருக்கே" என்று பேசிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

தேத்தண்ணிக் கடையில் பிளேன்டி வரும் வரை மாமா பேசவில்லை. இரண்டு மிடறு குடித்த பிறகு கண் மெல்லக் கடைச் சுவர் பக்கம் போனது. குடையை எடுத்துத் தட்டினார்.

"இது என்ன?"

"சீமெந்து, மாமா."

"சீமெந்துக்கு எந்த ஊர்க் கல்லை அரைக்கிறாங்க, சொல்லுங்க பாப்போம்."

அருவக்காட்டுக் கல், ரயிலில் ஏற்றிப் பாலாவித் தொழிற்சாலைக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டினேன். பிளேன்டிக்கு அவர்தானே காசு கொடுக்கிறார்.