காரணம்: காட்டுப்பன்றி

இலங்கைக்குத் துவக்கோடு வந்த போர்த்துக்கேயன் எந்தக் கச்சேரியிலும் லைசன் எடுக்கவில்லை. பாடப்புத்தகக் கணக்கில் அது 1505. கரையில் நின்று பார்த்தவர்கள் ஓடிப்போய்க் கோட்டே அரசனிடம் சொன்ன செய்தி ராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூலில் இருக்கிறது. வந்தவர்கள் கல்லைக் கடிக்கிறார்களாம், இரத்தம் குடிக்கிறார்களாம், அவர்களுடைய வெடி இடியையும் மிஞ்சுகிறதாம். கல் என்றது பாண். இரத்தம் என்றது வைன். சாப்பாட்டு விசயத்தில் இரண்டையும் கோட்டை விட்டவர்கள், வெடி விசயத்தில் மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்சக் காலத்தில் சிங்களக் கொல்லர்கள் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்களுடைய துவக்கு நல்ல துவக்கு என்று போர்த்துக்கேயரே எழுதிவைக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அதே போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்த, 1626இல் கண்டி அரசன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். ஆக எங்கள் கரைக்குத் துவக்கும் வந்தது, எங்கள் சொந்தக்காரரில் ஒரு பங்கும் வந்தது. இரண்டையும் கப்பலேற்றிவிட்ட புண்ணியவான் ஒருத்தன்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் துவக்கு வைத்திருப்பது குற்றமில்லை, வருமானம். யானை செத்தால் தலைக்குச் சில சிலிங் என்று அரசாங்கமே கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைக்குக் காசு போயிருக்கிறது என்று குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் கணக்கு வைத்திருக்கிறார். பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் றொஜர்ஸ் தனியாளாக 1,400 யானைக்கு மேல் சுட்டாராம். 1845இல் அப்புத்தளையில் மழை விட்டதா என்று பார்க்க வெளியே வந்தார். இடி விழுந்தது. நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையிலும் இடி விழுந்தது என்று மலைநாட்டார் சொல்கிறார்கள். யானையின் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, வானம் வந்திருக்கிறது.

1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம். அடி வாங்கியவர்கள் முஸ்லிம்கள். பிறகு இராணுவச் சட்டத்தில் சூடு வாங்கியவர்கள் சிங்களவர். நாட்டைத் திருத்திவிட்டதாகத் திருப்திப்பட்டவர் ஆளுநர் சேர் றொபட் சாமர்ஸ். அடுத்த வருடம் 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டும் தற்செயல் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம். இடையில் திருத்தங்கள் வந்தன, 1996இல் தண்டனையும் ஏறியது. ஆனால் நூறு வருடம் கடந்தும் சட்டம் அதே சட்டம்தான்.

எங்கள் ஊர் வயற்காரப் போடியார் ஒருத்தர் அந்தக் காலத்தில் லைசனுக்குப் போன பயணத்தை நினைத்துப் பார்க்கிறேன். முதலில் விதானையார், மேலே உடையார், அதற்கும் மேலே வன்னியனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சலாம், ஒரு கோழி. கடைசியில் மாட்டுவண்டியிலும் ஓடத்திலுமாக மட்டக்களப்புக் கச்சேரி. கச்சேரி இருப்பதோ கோட்டைக்குள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பீரங்கியால் பிடுங்கிய கோட்டை. அதற்குள் நின்றுகொண்டு, ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றுக்கு மனிசன் காரணம் சொல்ல வேண்டும்.

"துவக்கு என்னத்துக்கு?" என்கிறார் முதலியார்.

"பண்டிக்கி ஐயா."

"நீங்க பண்டி தின்னமாட்டிங்களே?"

"நான் திங்கிறல்ல ஐயா. அதுதான் என்ட வெள்ளாமயத் திங்கிது."

துரைக்கு இது மொழிபெயர்க்கப்பட்டபோது சிரித்திருப்பாரா தெரியாது. கையெழுத்து மட்டும் விழுந்திருக்கும்.

துவக்கு வயல் வட்டைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த சிக்கல். வெடிபட்ட பன்றியை வீட்டில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். பனங்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் கூட்டாளிக்குத் தகவல் போகும்; பொழுது சாயுமுன் வரம்பு சுத்தமாகிவிடும். தோட்டா ஒருத்தருடையது, இறைச்சி மற்றவருடையது. இன ஒற்றுமைக்குக் கொழும்பில் நடத்துகிற கருத்தரங்குகளில் இந்த முறையை இன்னும் யாரும் பரிசீலிக்கவில்லை.

காரணம் கேட்கிற வழக்கம் எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் சட்டைக்குள் கைத்துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு கடைக்குப் போக அனுமதிப் பத்திரம் உண்டு. பல மாநிலங்களில் அந்தப் பத்திரமும் தேவையில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். நியூயோர்க்கோ 1911ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் முதலியாரைப் போலவே "என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. 2022இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், அப்படிக் கேட்கக்கூடாது என்று தீர்த்துவிட்டது. இங்கே ஒளித்துக் கொண்டுபோகும் கதையே கிடையாது. சாறனுக்குள் ஒற்றைக்குழலைச் செருகியவன் நடக்கிற நடையே பொலிசுக்குக் கொடுக்கும் முறைப்பாடு.

1961இல் எங்கள் அம்பாறை தனி மாவட்டமானது. எங்களுக்குரிய கச்சேரி கோட்டையை விட்டு இறங்கி அம்பாறை நகருக்குப் போனது. கேள்வி அதேதான், கேட்கும் மொழிதான் மாறியது. லைசனுக்கு ஆயுள் டிசம்பர் 31 வரை. புதுப்பிக்கும் காலம் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்குகிறது. பெரும்போகத்துக்கு விதைக்கிற காலமும் அதுதான். வெள்ளாமைக்காரன் கடதாசியோடு அலைகிற அந்த நாட்களைப் பன்றி தவறவிடுவதேயில்லை. டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு அடித்தால், புதுப்பிக்காத நல்ல துவக்கு கள்ளத் துவக்காகிவிடும்.

பத்திரமாக வைத்திருந்த துவக்கும் தக்க சமயத்தில் கையில் இருந்ததில்லை. 1971 ஏப்ரலில் தெற்கே ஜே.வி.பி. பொடியன்கள் வீட்டுத் துவக்குகளைத் தேடித் தேடிப் பறித்தார்கள். எண்பதுகளில் இந்தப் பக்கத்து இயக்கங்களும் அதைத்தான் செய்தன. எந்த வீட்டில் துவக்கு என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை; லைசன் எடுத்த பெருமையைப் போடியாரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பார். பிறகு 1990 ஆகஸ்ட். காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதைப் பற்றிப் பகிடி விட என்னால் முடியாது. அதன் பின் ஊர்காவல் படையில் சேர்ந்த எங்கள் பொடியன்களின் கையில் அரசாங்கமே ஷொட்கன் கொடுத்தது. கோழியும் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை.

யானையின் சங்கதி தலைகீழாகிவிட்டது. இப்போது அதைச் சுட்டால் சிறை. வனஜீவராசிகள் திணைக்களம் யானை வெடி என்று பட்டாசு தருகிறது, அதற்கும் வரிசை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்குள் கூட்டமாக வருகிற யானைகள் அந்தச் சத்தத்தைப் பெருநாள் வெடி என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகின்றன.

2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிவித்தல் விட்டது. தற்பாதுகாப்புக்கென்று வாங்கிய துப்பாக்கிகளை எல்லாம் வெலிசறைக் கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படையுங்கள், மீளாய்வு செய்ய வேண்டும் என்றது. அரசியல்வாதிகளும் முதலாளிமாரும் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று அலைந்த நேரத்தில், எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு சந்தேகம்தான் ஓடிக்கொண்டிருந்தது: இவ்வளவு பேரும் படிவத்தில் என்ன காரணம் எழுதினார்கள்? கொழும்பு ஏழில் வெள்ளாமை கிடையாதே.